மாடி வீட்டுப் பெட்டி

புளியந்தோப்பின் தரைத்தள வீடுகளில், ஐப்பசி பிறக்குமுன் கட்டிலுக்கடியில் கிடக்கும் டிரங்குப் பெட்டி வெளியே இழுக்கப்பட்டு, துடைக்கப்பட்டு, புதிதாக நாலு பாச்சா உருண்டைகள் போடப்பட்டு, எதிர்வரிசையில் இருக்கும் மாடி வீடு ஒன்றுக்குத் தூக்கிச் செல்லப்படுவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. ஓட்டேரி நல்லாவும் பக்கிங்காம் கால்வாயும் சேருமிடத்துக்கு அருகே, தாழ்வான நிலத்தில் அமைந்த பகுதியாதலால், வடகிழக்குப் பருவமழை இரண்டு நாள் விடாமல் பெய்தாலே தெருநீர் வடிய வழியின்றி வாசற்படி தாண்டிவிடும் என்பதை அங்குள்ள குழந்தைகளும் அறிவர். ரேஷன் கார்டு, குடிசை மாற்று வாரியத்தின் ஒதுக்கீட்டுக் கடிதம், பள்ளிச் சான்றிதழ்கள், கல்யாண ஆல்பம், சீட்டுக் கட்டிய நோட்டு ஆகியவை அப்பெட்டிக்குள் இருக்கும். அதை ஏற்றுக்கொள்ளும் மாடி வீட்டார் திறந்து பார்ப்பதில்லை; உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்பதுமில்லை; மூடியின்மேல் பெயின்ட்டால் எழுதிய பெயரைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். தை பிறந்த பிறகு பெட்டி திரும்பி வரும்போது, கூடவே ஒரு தூக்கில் பொங்கலோ கறிக்குழம்போ அந்த வீட்டுக்குப் போகும்.

அப்படிப் பலருடைய பெட்டிகளையும் தம் பெட்டியோடு சேர்த்து ஆண்டுதோறும் மாடியறையில் அடுக்கி வைத்திருந்த ஓர் ஆயாவின் சொந்தப் பெட்டி, அதிலுள்ளவற்றைப் படமெடுத்துப் பாதுகாக்கும் பொருட்டு அண்மையில் திறக்கப்பட்டது. மூடி தூக்கப்பட்டவுடன், பாச்சா உருண்டையின் காரமும் நனைந்து காய்ந்த காகிதத்தின் வாடையும் கலந்து அறை முழுவதும் பரவ, அங்கிருந்தவர்களின் பேச்சு தானாக நின்றது. சேலைக்கும் காகிதக் கட்டுக்கும் அடியில், துணியில் முடிந்த ஒரு பித்தளை வில்லை இருந்தது. மேலே துளையும் நடுவே மூன்று இலக்க எண்ணும் தவிர அதில் வேறு எழுத்தில்லை. ஆயாவின் கணவர் மில்லில் வேலை பார்த்த காலத்தது அது. அவரை அங்கே பெயரால் அழைத்தவர்களைவிட அந்த எண்ணால் அழைத்தவர்களே அதிகம் என்று ஆயா சொல்லியிருந்தது அப்போது நினைவுக்கு வந்தது.

மில் என்று புளியந்தோப்பில் எவரும் சொன்னால் அது ஒன்றையே குறிக்கும். 1876இல் தொடங்கிய பக்கிங்காம் ஆலையும் 1881இல் தொடங்கிய கர்நாடிக் ஆலையும் 1920இல் ஒன்றாக இணைக்கப்பட்டு, பி அண்ட் சி என்றும் பின்னி மில் என்றும் வழங்கின. அதன் காக்கித் துணி நாடெங்கும் பேர்பெற்றது. 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு, திரு.வி.க.வின் துணையோடு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது இந்த ஆலைத் தொழிலாளர்களுக்காகத்தான். 1921 வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்களுக்குள்ளேயே மூண்ட பிளவும், புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்ததும், அப்பகுதியின் முதியோர் குரலைத் தாழ்த்திச் சொல்லும் கதைகளாக இன்றும் உள்ளன. 1996இல் ஆலை மூடப்பட்டது. அதற்குமுன், வேளைக்கு வேளை ஊதிய மில் சங்கைக் கேட்டே வீட்டுச் சுவர்க்கடிகாரங்கள் திருத்தப்பட்டன. உலை வைப்பதும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் அதன்படியே நடந்தன. சங்கு நின்ற பிறகு சில காலம் ஒவ்வொரு வீட்டுக் கடிகாரமும் ஒவ்வொரு மணி காட்டியதாகச் சொல்வார்கள். இந்தச் செய்தி பின்னால் மீண்டும் வரும்.

ஆலைக் காலத்து வாழ்வில் எழுத்தில் பதிந்தவை மிகக் குறைவு. பாட்டில் பதிந்தவை மிகுதி. இறந்தவர் வீட்டில் இரவு முழுவதும் விழித்திருந்து, அவர் பிறப்பு வளர்ப்பு, செய்த வேலை, பட்ட கடன், கொண்ட நட்பு என்று அனைத்தையும் அங்கேயே கட்டிப் பாடும் மரண கானா, வடசென்னையின் வாய்மொழி வரலாறாகவே இயங்கிவந்தது. ஆடுதொட்டிக்குப் போகும் வழியில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கடை இருந்தது. அதன் உரிமையாளரை அனைவரும் கடைக்கார அண்ணன் என்றே அழைத்தனர். அவர் இத்தகைய இரவுகளுக்கு டேப் ரெக்கார்டரோடும் பிற்காலத்தில் வீடியோ கேமராவோடும் சென்று, சில நூறு ஒலிநாடாக்களைச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றைக் கணினிக்கு மாற்றும் வேலை மெதுவாகவே நடந்தது. அறுபது நிமிட ஒலிநாடாவைக் கணினியில் ஏற்ற அறுபது நிமிடமும் அது ஓடியாக வேண்டும், குறுக்கு வழியில்லை. மாற்றியவை இரண்டு ஹார்டு டிஸ்க்குகள் கொண்ட ஒரு பெட்டியில், ஒன்றில் எழுதுவது தானாக மற்றொன்றிலும் எழுதப்படும் ஏற்பாட்டில் வைக்கப்பட்டன. ஒன்று பழுதானால் மற்றொன்று காக்கும் என்ற கணக்கு சரிதான். ஆனால் இரண்டும் ஒரே பெட்டியில், அந்தப் பெட்டி தரைத்தளக் கடையில், மேசைக்கடியில் இருந்தது.

2015 டிசம்பர் மழையில் கடைக்குள் இடுப்பளவு நீர் ஏறியது. நீர் வடிந்தபின் டிஸ்க்குகளைக் குலுக்கிப் பார்த்தபோது உள்ளே சேறு கலகலத்தது. வியப்பு என்னவெனில், அதே நீரில் மூழ்கிய ஒலிநாடாக்களில் பெரும்பகுதி பிழைத்தது. உறையைத் திறந்து, நாடாவை நல்ல நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, வேறு உறைக்கு மாற்றியபோது குரல் மீண்டும் வந்தது. மொட்டைமாடியில் கொடிகட்டித் துணி உலர்த்தும் இடத்தில் பழுப்பு நாடாக்கள் நீளநீளமாகத் தொங்கிய அந்தப் பத்து நாட்களில், கடைக்கார அண்ணன் ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: “பொட்டிய மாடில வெச்சிருக்கணும்.”

பின்னர் சில ஆண்டுகள் கழித்து நான்கு பேர் (அவர்களுள் ஒருவரே இதை எழுதுபவர்) அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு சேமிப்பை அமைக்க முற்பட்டனர். மறுபடி மாற்றிய ஒலி, ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 635 மெகாபைட் என்ற அளவிலும், வீடியோக்கள் மணிக்கு 13 கிகாபைட் வரையிலும் சேர்ந்துகொண்டிருந்தன. பெரிய நிறுவனங்களின் இணையச் சேமிப்பை மாத வாடகைக்கு எடுப்பதே எளிய வழி. ஆனால் வாடகை கட்டத் தவறிய மாதத்தில் என்ன ஆகும் என்ற கேள்விக்கு எவரிடமும் பதிலில்லை. தம் வீட்டுச் சாவின் வீடியோ எந்த ஊரில் யார் கையில் இருக்கிறது என்று தெரியாமல் கொடுக்கக் குடும்பங்களும் தயங்கின. பெட்டி யார் வீட்டு மாடியில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்களுக்கு இயல்பான எதிர்பார்ப்பு.

இங்கே ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் என்னும் முறையைச் சற்று விளக்குதல் வேண்டும். வீட்டுக் கணினியில் கோப்புகள் உறைக்குள் உறையாக அடுக்கப்படுகின்றன; ஒரு கோப்பைத் திறந்து நடுவில் நாலு வரி மாற்றி மூடலாம். ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் அடுக்கு கிடையாது. பக்கெட் எனப்படும் பெரிய தொட்டி ஒன்றுக்குள், ஒவ்வொரு பொருளும் தன் பெயராகிய சாவி, தன்னைப் பற்றிய குறிப்புகள் ஆகியவற்றோடு முழுமையாக இடப்படுகிறது; சாவியைச் சொன்னால் முழுமையாகத் திரும்பி வருகிறது. நடுவில் திருத்த முடியாது. திருத்த வேண்டுமெனில் புதியதொன்றை அதே பெயரில் இட வேண்டும். வை, கொடு என்ற இரண்டு சொற்களுக்குள் ஏறத்தாழ எல்லாம் அடங்கிவிடும் இந்த ஏற்பாட்டை மாடி வீட்டுப் பெட்டி வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்குப் புரியவைக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. அமேசான் நிறுவனம் 2006 மார்ச்சில் எஸ்3 என்ற பெயரில் இதை வாடகைச் சேவையாக்கிய பிறகு, அந்த எஸ்3 பேசும் முறையே பிற மென்பொருள்களும் பின்பற்றும் பொதுமொழியாயிற்று. அதே மொழி பேசும் சேமிப்பைச் சொந்தக் கணினிகளில், பல கணினிகளில் பரப்பி நிறுவிக்கொள்வதே இங்குப் பேசப்படும் வேலை.

இதற்கான மென்பொருள்களின் வரலாற்றில், தமிழ்நாட்டில் படித்த ஒருவரின் பெயர் இரண்டு முறை இடம்பெறுவது பலர் அறியாதது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் பயின்ற ஆனந்த் பாபு பெரியசாமி, கலிஃபோர்னியா டிஜிட்டல் என்னும் நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவராக இருந்தபோது, அந்நிறுவனம் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்துக்கு அமைத்த தண்டர் என்னும் மீக்கணினி 2004 ஜூன் உலகத் தரவரிசையில் இரண்டாம் இடம் பெற்றது. அடுத்த ஆண்டு அவர் தொடங்கிய கிளஸ்டர் என்னும் நிறுவனம், பல கணினிகளின் டிஸ்க்குகளை ஒன்றாகக் காட்டும் கட்டற்ற மென்பொருளை உருவாக்கியது. 2011இல் ரெட் ஹாட் அதை 13.6 கோடி டாலருக்கு வாங்கியது. 2014இல் கரிமா கபூர், ஹர்ஷவர்த்தனா ஆகியோரோடு சேர்ந்து அவர் தொடங்கியதே மினியோ. ஒரே ஒரு இயக்கக் கோப்பாக வந்து, பழைய கணினியிலும் ஓடக்கூடியதாக இருந்ததால், புளியந்தோப்பின் நால்வரும் அதையே தேர்ந்தனர். அதை ஆக்கியவர் சிதம்பரத்தில் படித்தவர் என்பதில் அவர்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி இருந்ததையும் இங்கே மறைக்க வேண்டியதில்லை.

ரிச்சி தெருவில் வாங்கிய நான்கு பழைய அலுவலகக் கணினிகளில், கணினிக்கு ஒன்றாக 4 டெராபைட் டிஸ்க் பொருத்தப்பட்டது. ஒரே நாளில் ஒரே தொகுப்பில் ஆக்கப்பட்ட டிஸ்க்குகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் பழுதாவதுண்டு என்பதால், இரண்டு கடைகளில், வெவ்வேறு மாதங்களில் அவை வாங்கப்பட்டன. அதைவிடப் பெரிய ஆராய்ச்சி எந்தெந்த வீடு என்பதில் நடந்தது. முதல் மாடிக்குக் கீழே எதுவும் கூடாது என்பது முதல் விதி. இரண்டு வீடுகள் ஒரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தும், எதிர்வரிசையின் இரண்டு வீடுகள் வேறொன்றிலிருந்தும் மின்சாரம் பெற வேண்டும் என்பது இரண்டாவது. எவையெல்லாம் ஒரே நேரத்தில் ஒரே காரணத்தால் விழும் என்று கண்டறிந்து, அவற்றைப் பிரித்து வைப்பதே பரவல் சேமிப்பின் உயிர். மென்பொருளை நிறுவ ஒரு மாலைப்பொழுது போதுமாயிருந்தது, வீடு பார்க்க இரண்டு மாதம் ஆயிற்று. நான்கு மாடிகளையும் இணைக்கும் வேலையைத் தெருவின் கேபிள் டிவிக்காரர் ஏற்றார். செப்புக் கம்பி மொட்டைமாடியில் போனால் இடி மின்னலில் நான்கு கணினிகளையும் ஒருசேரச் சாகடித்துவிடும் என்று எச்சரித்து, மின்சாரம் கடத்தாத ஃபைபரை இழுத்துத் தந்தவர் அவரே.

நான்கு டிஸ்க்குகளில் 16 டெராபைட் இருந்தும் எட்டு மட்டுமே பயன்படும் என்பதைக் கடைக்கார அண்ணனுக்கு விளக்கத் தினசரி காலண்டர் தாளின் பின்புறம் தேவைப்பட்டது. ஒரு பாட்டை 7, 5 என்ற இரண்டு எண்களாகப் பிரித்ததாகக் கொண்டால், முதல் வீட்டில் 7, இரண்டாவதில் 5, மூன்றாவதில் இரண்டின் கூட்டுத்தொகை 12, நான்காவதில் முதலெண்ணோடு இரண்டாமெண்ணை இருமுறை கூட்டிய 17 ஆகியன வைக்கப்படும். இப்போது எந்த இரண்டு வீடு மூழ்கினாலும் மீதி இரண்டைக் கொண்டு 7ஐயும் 5ஐயும் மீட்டுவிடலாம்; மூன்றும் நான்கும் மட்டும் எஞ்சினால்கூட, 17இலிருந்து 12ஐக் கழிக்க 5 வரும், 12இலிருந்து 5ஐக் கழிக்க 7 வரும். இரேஷர் கோடிங் என்று பெயர்பெற்ற இம்முறையில் மினியோ பயன்படுத்துவது, 1960இல் இர்விங் ரீடும் கஸ்டவ் சாலமனும் வெளியிட்ட கணிதம். கீறல் விழுந்த பாட்டு சிடி தடையின்றிப் பாடியதும், காசிமேட்டில் மீன் செதில் ஒட்டிய கியூஆர் அட்டை இன்றும் பணம் வாங்கிக்கொள்வதும் அதே கணிதத்தின் தயவால்தான்.

தாளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயாவுக்கு மனம் ஒப்பவில்லை. தம் வீட்டு அலமாரிமேல் ஓசையிட்டுக்கொண்டிருந்த கணினியைக் காட்டி, “அப்போ எங்க வூட்ல முழுப் பாட்டு இல்லியா?” என்று கேட்டார். எந்த வீட்டிலும் முழுப் பாட்டு இல்லை என்று சொல்லப்பட்டபோது, “பாதிப் பாட்டுக்கு நானு கரண்டுக் காசு கட்டணுமா, நைனா?” என்றார். மின்கட்டணத்தில் ஒரு பங்கை நால்வரும் மாதந்தோறும் தருவதாக ஏற்பாடு. அவர் ஒருமுறைகூட வாங்கவில்லை.

நிறுவும்போது வீடுகளுக்குப் பெயரிடுவதில் ஒரு சிறு தடை வந்தது. பூக்காரம்மா வீடு, வாத்தியார் வீடு என்று தெரு அறிந்த பெயர்களையே கணினிகளுக்கும் வைக்க எண்ணியிருந்தனர். ஆனால் நான்கையும் ஒரே வரியில் சுட்ட வேண்டுமெனில் வரிசை எண் வேண்டும் என்று மினியோ எதிர்பார்த்ததால், மாடி1 முதல் மாடி4 வரை என்றாயிற்று. பித்தளை வில்லையைப் பார்த்த அன்று, பெயரிருந்தும் எண்ணால் அழைக்கப்பட்ட அந்த மனிதரின் நினைவோடு இதுவும் சேர்ந்துகொண்டது. டிஸ்க்குகளை எக்ஸ்எஃப்எஸ் முறையில் வடிவமைத்தல், உலகமே அறிந்த தொடக்கக் கடவுச்சொல்லை முதல் வேலையாக மாற்றுதல், ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி கொடுத்து அவரவர் தொட வேண்டிய பக்கெட்டை மட்டும் திறந்துவிடுதல் ஆகியவை அதிகத் தொல்லையின்றி முடிந்தன.

தொல்லை தந்தது தமிழ். ‘கொண்டித்தோப்பு’ என்று தொடங்கும் சாவியோடு இட்ட ஒரு பாட்டை, அதே பெயரைத் தட்டச்சிட்டுக் கேட்டபோது இல்லை என்று பதில் வந்தது. பட்டியலில் பார்த்தால் கண்ணெதிரே இருந்தது. இரண்டு மாலை தேடிய பின்னரே காரணம் விளங்கியது. ‘கொ’ என்னும் எழுத்தைக் கணினியில், க-வுக்குப் பின் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, சேமிப்புக்கோ இரண்டும் வெவ்வேறு பெயர்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட பட்டியலில் கொம்பும் காலும் தனித்தனியே இருந்தன. எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே இடுவது என்று அன்று முடிவாயிற்று. ஒரு சாவி 1024 பைட்டைத் தாண்டக்கூடாது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுப்பதால், பெயருக்குள்ளேயே கதை எழுதும் பழக்கத்தையும் கைவிட வேண்டியிருந்தது.

பிறகு கடிகாரம். ஒரு மே மாத இரவில் நெடுநேர மின்வெட்டுக்குப்பின் கணினிகள் உயிர்பெற்றபோது, மாடி3 மட்டும் மற்றவற்றோடு சேர மறுத்தது. டிஸ்க் நலம், ஃபைபர் நலம். ஆனால் அதன் தாய்ப்பலகையிலிருந்த காசு வடிவ பேட்டரி தீர்ந்து, அக்கணினி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விட்டிருந்தது. எஸ்3 முறையில் ஒவ்வொரு கோரிக்கையும் நேர முத்திரையோடு கையொப்பமிடப்படுகிறது. கேட்பவரின் கடிகாரமும் கொடுப்பவரின் கடிகாரமும் பதினைந்து நிமிடத்துக்கு மேல் விலகினால் கோரிக்கை தள்ளப்படும். இணையத்திலிருந்து நேரம் பெற்றுத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு இருந்தும், அன்று இணையம் வந்திருக்கவில்லை. கைக்கடிகாரக் கடையில் புதிய பேட்டரி வாங்கிப் போட்டதோடு, மாடி1 மற்ற மூன்றுக்கும் நேரம் சொல்லும் பொறுப்பை ஏற்கும்படியும் அமைக்கப்பட்டது. செய்தியைக் கேட்ட ஆயா, மில் சங்கை மறுபடி ஊதுகிறார்களா என்று கேட்டார். அதைவிடத் துல்லியமாக அந்த ஏற்பாட்டை எவரும் விவரித்ததில்லை.

அதன்பின் வந்த ஆண்டுகள் பராமரிப்பின் ஆண்டுகள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாதமொரு முறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது, கடற்காற்றின் உப்பால் பச்சை பூத்த இணைப்பு முனைகளைத் துடைப்பது, எலி கடித்த ஒயரை மாற்றுவது, சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின்கீழ் கணினி கொதிக்காமல் காப்பது என்று வேலை ஓய்வதில்லை. ஒவ்வொரு மாதத்தின் முதல் ஞாயிறும் நால்வரில் ஒருவர் நான்கு மாடிகளும் ஏறி இறங்குவார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டீ உண்டு. டிஸ்க் சொல்லிவிட்டுப் பழுதானால் கவலையில்லை, மாற்றிவிடலாம். சொல்லாமல் ஒன்றிரண்டு பைட்டைத் தவறாகத் திருப்பித் தருவதே அஞ்சத்தக்கது. இதற்காக மினியோ ஒவ்வொரு துண்டோடும் அதன் கைரேகை போன்ற ஓர் எண்ணையும் எழுதி வைத்து, படிக்கும்போது ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் பிற வீடுகளின் துண்டுகளைக் கொண்டு சரியானதை மீண்டும் ஆக்கிக்கொள்கிறது. மாடி4இன் டிஸ்க்கில் ஒருமுறை இவ்வாறு சில துண்டுகள் சீரமைக்கப்பட்டன. செல்லரித்த ஏட்டில் விட்டுப்போன எழுத்தை வேறோர் ஊரில் கிடைத்த ஏட்டைக் கொண்டு நிரப்பி, உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உழைப்பின் பெருமை, அந்தச் சீரமைப்பு அறிக்கையைப் படித்த அன்று நால்வருக்கும் புதிதாக விளங்கியது. ஏடுகள் வெவ்வேறு ஊர்களில் இருந்ததால்தான் அது இயன்றது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஒரே இடத்தில் மட்டும் இருந்தவை மீளவே இல்லை என்பதும் அதே பேச்சில் நினைவுகூரப்பட்டது. நான்கு வீடும் ஒரே தெருவில் இருப்பது போதாது என்று கண்டு, மாதமொரு முறை முழுச் சேமிப்பும் வேலூரில் ஓர் உறவினர் வீட்டுக்குப் பிரதியெடுக்கப்படத் தொடங்கியது அதன் பிறகுதான்.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் தந்தையின் சாவு வீட்டுப் பாட்டைக் கேட்டு எழுதுவதுண்டு. பக்கெட்டைப் பொதுவில் திறக்காமல், ஒரு பொருளுக்கு மட்டும், குறித்த காலம் வரை செல்லும் கையொப்ப இணைப்பைத் தரும் வசதி எஸ்3 முறையில் உண்டு. அதிகபட்சம் ஏழு நாள். ஷார்ஜாவிலிருந்து ஒரு பெண் ஏழு நாளுக்கொருமுறை புதிய இணைப்பு கேட்டுக்கொண்டே இருந்தார். தரவிறக்கி வைத்துக்கொள்ளலாமே என்று சொல்லப்பட்டபோது, தம் கைபேசியில் இருப்பதைவிட அது புளியந்தோப்பில் இருப்பதையே விரும்புவதாகவும், கேட்டு வாங்கும்போது ஊருக்குப் போய்வந்தது போலிருப்பதாகவும் எழுதினார். அந்தக் கடிதமும் இப்போது சேமிப்பில் ஒரு பொருள்.

மென்பொருளும் மாறாமல் இருக்கவில்லை. தளர்வான கட்டற்ற உரிமத்தில் வந்த மினியோ 2021இல் முழுவதுமாக, நிபந்தனை கூடிய ஏஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது; 2025இல் அதன் இலவசப் பதிப்பின் நிர்வாகப் பக்கத்திலிருந்து பெரும்பாலான வசதிகள் நீக்கப்பட்டன, ஆயத்த இயக்கக் கோப்புகளை வெளியிடுவதும் நின்று மூலநிரல் மட்டும் எஞ்சியது. எட்டு ஆண்டுப் பழக்கத்தை விடுவது எளிதன்று. ஆனால் எஸ்3 என்ற பொதுமொழியில் பேசிவந்ததால், சாவிகளும் பாட்டுகளும் அப்படியே வேறோர் இடத்துக்குப் போகும். பிரான்ஸில், உறுப்பினர்களின் வீடுகளிலேயே கணினிகளை வைத்து நடத்தும் ஒரு சங்கத்தார் தம் தேவைக்கென எழுதிய கராஜ் என்னும் மென்பொருளுக்கு இப்போது எல்லாம் மாற்றப்பட்டுவருகிறது. தொலைவிலுள்ள வேலூரையும் அது ஒரு வீடாக ஏற்றுக்கொள்கிறது. கூட்டிக் கணக்கிடும் வேலையை விட்டு, ஒவ்வொரு பொருளின் ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பிரதிகளை வெவ்வேறு வீடுகளில் வைக்கிறது. இடம் கூடுதலாகப் பிடிக்கும், ஆகவே பெரிய டிஸ்க்குகள் வாங்கியாயிற்று. ஆயாவின் அலமாரிமேல் இருக்கும் கணினியில் இனியும் முழுப் பாட்டு இராது. அதைச் சொல்லக் கேட்க அவர் இல்லை. அவர் பெட்டியைப் படமெடுத்ததும் இந்த மாற்றத்தின்போதுதான்.

பித்தளை வில்லையின் படம் சேமிப்பில் ஏறிய மாலையில், மிக்ஜாம் புயலின் நாட்கள் நினைவுக்கு வந்தன. 2023 டிசம்பரில் தெரு மீண்டும் கால்வாயாகி, மின்சாரம் முழுவதும் துண்டிக்கப்பட்டிருந்தது. நீர் மெல்ல இறங்கத் தொடங்கியபோது ஒரு டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் உயிர்பெற, மாடி1, மாடி2 ஆகியவற்றில் விளக்கெரிந்தது. எதிர்வரிசை இரண்டும் இருட்டில் கிடந்தன. நான்கில் இரண்டு எஞ்சினால் படிக்கலாம், ஆனால் எழுத முடியாது. எழுத மூன்று வேண்டும், இல்லையேல் பிரிந்து நிற்கும் இரண்டு இரண்டு வீடுகளும் ஒரே பெயரில் வெவ்வேறு பொருளை எழுதிவிடக்கூடும். வெள்ளத்தைக் கைபேசியில் படமெடுத்து வந்த ஓர் இளைஞரின் வீடியோவைச் சேமிப்பு ஏற்க மறுத்ததும், காத்திருக்கும்படி அவரிடம் சொல்லப்பட்டதும் இதனால்தான்.

இணையம் இல்லை, மாடி1இன் வைஃபை மட்டும் இருந்தது. ஆயா தம் கணவர் இறந்த இரவில் பாடப்பட்ட பாட்டைக் கேட்க விரும்பினார். பாதிப் பாதியாக இருந்தது ஒன்றுசேர்ந்து கைபேசியில் ஒலிக்கத் தொடங்கியதும், மாடிப்படியில் அமர்ந்தவாறே, “எந்த வூட்லேர்ந்துப்பா பாடுது?” என்று கேட்டார். இந்த வீட்டிலிருந்தும் பக்கத்து வீட்டிலிருந்தும் சேர்ந்து என்று சொன்னார்கள். மில்லையும் சங்கையும் அந்த மூன்றிலக்க எண்ணையும் பாட்டுக்காரர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போன இடத்தில், ஆயா எதிர்வரிசையின் இருட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“அந்த ரெண்டு வூட்டுக்காரங்களுக்கும் கேக்கட்டும். கொஞ்சம் சத்தமா வையி, நைனா.”